டெலீட் ஆயிடுச்சா? முதல்ல கைய எடு பாஸ்!

இன்ஜினீயரிங் படிக்கிறோம்னு ஒரு தடவை வெளியே தெரிஞ்சா போதும்... தெருவுல இருக்கிற பிரின்ட்டர், மோடம், பாட்டியோட செல்போன் எல்லாத்துக்கும் நாமதான் டாக்டர்! இதுல ஐ.சி.யூ. கேஸ் ஒண்ணு உண்டு. 'தம்பி, ஃபைல் டெலீட் ஆயிடுச்சு!' இதைச் சொல்றவங்க முகத்துல ஈயாடாது. ரீசைக்கிள் பின்ல தேடியிருப்பாங்க. இருக்காது. ஷிஃப்ட்டோட சேர்த்து டெலீட்டை அமுக்கினாலோ, பென் டிரைவ்ல இருந்து அழிச்சாலோ ஃபைல் அந்தக் குப்பைத்தொட்டிப் பக்கமே போகாது. நேரா காலி!

ஆனா, நிஜமாவே காலியா?

அங்கதான் விஷயமே இருக்கு. பழைய ரக ஹார்ட் டிஸ்க்ல டெலீட்ங்கிறது, ரயில் ரிசர்வேஷன் சார்ட்ல பேரை அடிக்கிற மாதிரி. பேர் போச்சு; ஆனா, ஆள் இன்னும் சீட்லதான் உட்கார்ந்திருக்கார். 'இந்த இடம் காலி'னு கம்ப்யூட்டர் குறிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். அந்த சீட்ல வேற ஆள் வந்து உட்காரும்போதுதான் பழையவர் நிஜமாவே கிளம்புறார். புது ஆளை ஏத்தி விடுறது யாரு? பெரும்பாலும் பதற்றத்துல இருக்கிற நாமதான்.

இதை அம்பத்தூர் எஸ்டேட்ல நேர்லயே பார்த்தேன். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் அங்க சின்னதா ஜாப் வொர்க் யூனிட் நடத்துறார். ரெண்டு சி.என்.சி. மெஷின், அஞ்சு பேர், ஆபீஸ் மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்த பார்ட்டை எப்படிக் கடையணும்ங்கிற புரோகிராம்கள், டிராயிங்குகள்னு பல வருஷ உழைப்பு அதுக்குள்ளதான். டிப்ளமோ முடிச்சு புதுசா வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருத்தன், 'டிஸ்க் ஃபுல்'னு மெசேஜ் வரவும், 'பழசு'ங்கிற பேர்ல இருந்த ஃபோல்டரைத் தூக்கிட்டான். பேர்தான் பழசு. அன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல ஓட வேண்டிய வேலையும் அதுக்குள்ளதான் இருந்தது!

நான் போனப்ப அண்ணன் கத்திக்கிட்டு இருந்தார். 'எவன்டா டெலீட் பண்ணது?' அந்தத் தம்பி பதில் சொல்லாம, வேர்த்து விறுவிறுத்து, நெட்ல ஏதோ ரெக்கவரி சாஃப்ட்வேரை டவுன்லோடு பண்ணிக்கிட்டு இருந்தான். அதே கம்ப்யூட்டர்ல. அதே டிஸ்க்ல!

'தம்பி, முதல்ல கைய எடு'ன்னேன்.

டவுன்லோடு ஆகுற ஒவ்வொரு எம்.பி.யும் அந்தக் காலி சீட்டைத் தேடி வர்ற புது ஆள். காப்பாத்த வர்ற சாஃப்ட்வேரே, காப்பாத்த வேண்டிய ஃபைல் மேல ஏறி உட்கார்ந்துடும். நாம சும்மா இருந்தாலும் அப்டேட், பிரவுசர்னு ஏதாவது ஒண்ணு டிஸ்க்ல எழுதிக்கிட்டே இருக்கும். அதனால சிஸ்டத்தை ஆஃப் பண்ணினோம். டிஸ்க்கைக் கழட்டி, யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் மூலமா என் லேப்டாப்ல சொருகினோம். மீட்கிற ஃபைல்களைப் போட இன்னொரு டிரைவ். இது என் கண்டுபிடிப்பு இல்லை. மைக்ரோசாஃப்ட் 2020-ல் இலவசமா வெளியிட்ட 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி'யே, எடுக்கிற டிரைவும் போடுற டிரைவும் ஒண்ணா இருந்தா வேலை செய்ய மாட்டேன்னு அடம்பிடிக்கும்.

முதல் ரவுண்டு 'ரெக்குவா'. அழிஞ்ச ஃபைல்களோட பேரைப் பட்டியல் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்புனு சிக்னல் காட்டும். பச்சையை எல்லாம் அள்ளினோம். ரெண்டாவது ரவுண்டு, பிரான்ஸ்காரரான கிறிஸ்டோஃப் கிரெனியர் உருவாக்கின 'போட்டோரெக்'. பேரைப் பார்த்து போட்டோவுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. இது சார்ட்டைக் கண்டுக்கவே கண்டுக்காது. ஒவ்வொரு சீட்டா போய் முகத்தைப் பார்க்கும். பல வகை ஃபைல்களுக்குத் தனித்தனி ஆரம்ப அடையாளம் உண்டு. அதை வச்சு டிஸ்க் முழுக்கச் சலிச்சு எடுக்கும். பொறுமை வேணும், பல மணி நேரம் ஆகும். இன்னொரு சிக்கல், கிடைக்கிற ஃபைலுக்குப் பழைய பேர் இருக்காது. வெறும் நம்பர்!

அங்கதான் அந்தத் தம்பி கலக்கினான். சி.என்.சி. புரோகிராம்ங்கிறது வெறும் டெக்ஸ்ட். அவங்க மெஷினுக்கானது சதவிகிதக் குறியில ஆரம்பிக்கும். அடுத்த வரியில 'ஓ'ங்கிற இங்கிலீஷ் எழுத்தும் புரோகிராம் நம்பரும் இருக்கும். ஒவ்வொண்ணா திறந்து, 'இது அந்த ஃபிளாஞ்ச்... இது அந்த புஷ்'னு நம்பரைப் பார்த்தே பேர் வச்சான். வேலைக்குச் சேர்ந்த சில மாசத்துல அத்தனையும் மனப்பாடம்! நைட் ஷிஃப்ட் லேட்டா ஆரம்பிச்சாலும் மெஷின் ஓடிச்சு. எல்லாமே கிடைச்சுடலை. சில டிராயிங்குகள் திறக்கவே மாட்டேனுச்சு. அதையெல்லாம் கஸ்டமர்கிட்ட திரும்பக் கேட்டுத்தான் வாங்கணும்.

நடுவுல ஒரு கூத்து. பழைய தமிழ் லெட்டர்கள் சிலது கிடைச்சும், இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா உளறிச்சு. 'கரப்ட் ஆயிடுச்சுப்பா'னு அண்ணன் அழிக்கப் போனார். கரப்ட் இல்லை! யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி தமிழ்ல ஆளுக்கொரு ஃபான்ட். 1999-ல் சென்னையில நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டுக்கு அப்புறமும் குழப்பம் முழுசா தீரலை. தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டதே 2010-ல்தான். அந்தப் பழைய ஃபான்ட்டைத் தேடிப் போட்டதும் லெட்டர் அழகா தமிழ் பேசிச்சு. உங்க அப்பாவோட பழைய ஃபைல்களைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சுக்குங்க.

இப்ப கெட்ட செய்தி. இந்தக் கதை ஓரளவு நல்லா முடிஞ்சதுக்கு முக்கியக் காரணம், அந்தக் கம்ப்யூட்டரோட வயசு. இப்போதைய லேப்டாப்கள்ல பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.தான். 2009-ல் வந்த விண்டோஸ் 7-லேர்ந்து 'டிரிம்'னு ஒரு கட்டளை உண்டு. நாம டெலீட் பண்ணினதும், 'இந்த இடம் இனி வேண்டாம்'னு விண்டோஸ் சொல்லிடும், எஸ்.எஸ்.டி.யும் சாவகாசமா துடைச்சு வச்சிடும். பேரை அடிச்ச கையோட ஆளையும் இறக்கி விட்டு, சீட்டையும் கழுவி விடுற டி.டி.ஆர்.! ரெக்கவரி சாஃப்ட்வேர் ஃபைல் பேரைக் காட்டும். திறந்தா உள்ளே ஒண்ணும் இருக்காது. அதனால '100 சதவிகிதம் மீட்டுத் தர்றோம்'னு சொன்னா நம்பிப் பணம் கட்டாதீங்க. அதுக்கு முன்னாடி மெயில்ல அனுப்பின அட்டாச்மென்ட், பிரெண்டோட பென் டிரைவ், கூகுள் டிரைவோட டிராஷ் (30 நாள் வரைக்கும் வச்சிருக்கும்) எல்லாத்தையும் ஒரு அலசு அலசுங்க. டிஸ்க்ல இருந்து 'டக் டக்'னு சத்தம் வந்தா எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். ஆஃப் பண்ணிட்டு, இதுக்குன்னே இருக்கிற ஆள்கிட்ட கொண்டு போங்க.

பெரிய கம்பெனிக்கும் இதே கதிதான். 1998-ல் பிக்ஸார் ஸ்டூடியோவுல யாரோ கொடுத்த ஒரே ஒரு கட்டளையில 'டாய் ஸ்டோரி 2' படத்தோட ஃபைல்கள் மளமளன்னு அழிஞ்சுது. பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தா, அது ஒழுங்காவே வேலை செய்யலை! கைக்குழந்தையோட வீட்லேர்ந்து வேலை பார்த்துக்கிட்டிருந்த கேலின் சூஸ்மனோட கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்ததால படம் தப்பிச்சுது.

பேக்கப் இருந்தா மட்டும் பத்தாது, அது திறக்குதான்னும் பார்க்கணும். வேற இடத்துலயும் ஒண்ணு இருக்கணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில அம்பத்தூர், பட்டரவாக்கம் பக்கம் யூனிட்டுகளுக்குள்ளேயே தண்ணி புகுந்துச்சு. கம்ப்யூட்டர் மேஜையோட டிராயர்லயே பேக்கப் டிஸ்க் இருந்தா, ரெண்டும் ஜோடியாத்தான் நனையும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீம்ல நாளைக்கே இப்படி ஒண்ணு நடக்கலாம். அப்ப, 'எவன்டா டெலீட் பண்ணது'னு கேட்காதீங்க. திட்டு வாங்கப் போற பயத்துலதான் நிறைய பேர் சொல்லாம மறைச்சு, தாங்களே நோண்டி, பிழைச்சிருக்க வேண்டிய ஃபைலையும் கொன்னுடுறாங்க. கேட்க வேண்டிய கேள்வி, 'இன்னொரு காப்பி எங்க இருக்கு?' அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்லைன்னா, தப்பு டெலீட் பண்ணவன் மேல மட்டும் இல்லை மச்சி, மொத்த டீம் மேலயும்தான்!