பல்லுக்குக் காவலா, பகையா?

தகர நகரங்கள் பிறப்பதற்கு நா மட்டும் போதாது, மேற்பல்லின் அடியும் வேண்டும் என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் பயின்ற எம் மாணாக்கர் நன்கறிவர். சொல்லுக்குத் துணைநிற்கும் பல்லைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவதைப் பெரியோர் பொருத்தமற்றதெனக் கொள்ளார் என நம்புகிறோம்.

இதனை எழுதத் தூண்டியவர் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரினர். இலக்கிய மன்றத்தில் பேச எழுந்தால் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். கருத்து வளம் மிக்கவர். குரலோ கைக்குள்ளேயே அடங்கிவிடும். அவர் பற்களில் எவ்வளவு துலக்கினும் போகாத பழுப்புக் கறை. "எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் செய்த வேலை ஐயா" என்றார். அத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. நீரிலுள்ள புளோரைடே இதற்குக் காரணம் எனக் கேள்வியுற்ற அவர்தம் உறவினர், தாம் காவிரி நீர் பருகி வாழ்பவராயிருந்தும், புளோரைடு கலந்த பற்பசையை வீட்டிலிருந்து விலக்கிவிட்டனராம். இனிப்புக்குக் குறைவில்லாத வீடு அது. அவ்வீட்டுச் சிறுமிக்கு ஏழாண்டு நிறையுமுன் கடைவாய்ப் பற்கள் நான்கு சொத்தையாயின. இரவெல்லாம் அழுகை என்றார்.

அவர்தம் அச்சம் காரணமின்றிப் பிறந்ததன்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், புளோரைடு மிகுந்த கிணற்று நீரைப் பருகியோர் பல்லும் எலும்பும் கெட்டு, முதுகு விறைத்து வருந்தியதை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களை இக்கேட்டினின்று காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

ஆயினும் இக்கறையின் வரலாற்றுக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பல் மருத்துவராக வந்த பிரெடரிக் மெக்கே, அவ்வூரார் பலருடைய பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். கறைபடிந்த அப்பற்கள் எளிதில் சொத்தையாகாததையும் பின்னர்க் கண்டு வியந்தார். காரணம் புலப்பட முப்பது ஆண்டுகள் சென்றன. 1931இல் சர்ச்சில் என்னும் வேதியியலார், இத்தகைய கறை கண்ட ஊர்களின் நீரில் புளோரைடு மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். கறையை உண்டாக்காது, சொத்தையை மட்டும் தடுக்கும் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் எனப் பின்வந்த ஆய்வுகள் கூறின. 1945இல் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரக் குடிநீரில் அவ்வளவே சேர்த்தனர்.

பல்லில் அது செய்யும் பணி யாது? நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலுறையாகிய எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்தெடுக்கிறது. உமிழ்நீர் அவற்றை மெல்ல மீண்டும் கொண்டுசேர்க்கிறது. நாள்தோறும் நடக்கும் இவ்வரவு செலவில் புளோரைடு வரவைப் பெருக்கும். புதிதாய்ப் படியும் உறையை அமிலம் எளிதில் கரைக்க இயலாதபடியும் உறுதியாக்கும். இவையெல்லாம் பல்லைத் தொட்டிருந்தாலே நிகழ்வன. விழுங்க வேண்டுவதில்லை.

அளவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் பற்பசையில் பத்து இலட்சம் பங்குக்கு 1000 பங்குக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது சட்டம். அஃதாவது ஒரு கிராம் பசையில் 1 மில்லிகிராம். பட்டாணியளவுப் பசை ஏறத்தாழக் கால் கிராம். அதனை முழுதும் விழுங்கினும் உட்செல்வது கால் மில்லிகிராமே. லிட்டருக்கு 4 மில்லிகிராம் புளோரைடு கொண்ட நீரை நாளொன்றுக்கு 3 லிட்டர் பருகுபவர் உடலிலோ 12 மில்லிகிராம் சேர்கிறது; அந்நீரில் சமைத்த உணவு வேறு. துப்பிவிடும் பசைக்கும் பருகும் நீருக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அவ்வுறவினருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை போலும். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் புளோரைடுப் பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

குழந்தைகளிடத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். ஏறத்தாழ எட்டு வயதுவரை நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அக்காலத்தில் பசையை நாள்தோறும் விழுங்கிவந்தால் பல்லில் வெண்புள்ளிகள் தோன்றலாம். மூன்று வயதுவரை அரிசியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு போதும். பெரியவர் ஒருவர் அருகிருந்து துப்பச் செய்தல் வேண்டும். விளம்பரங்களில் பல்துலக்கியின் நீளம் முழுதும் பசையை நெளிநெளியாகப் பிதுக்கிக் காட்டுவது விற்பனைக்கு நன்று, பிள்ளைக்கு அன்று. புளோரைடு மிகுந்த நீரையே பருகும் ஊர்களில், சிறு குழந்தைக்குப் பசை தேர்வதற்குமுன் பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. அவ்வூர்களுக்கு முதல் மருந்து நீரை மாற்றுவதே.

மிஸ்வாக் குச்சியைப் பேணிவரும் பெரியோர் அதனைக் கைவிட வேண்டுவதில்லை. அது பல்லைத் தூய்மை செய்யும். அதனோடு நாளுக்கு இருமுறை புளோரைடுப் பசையையும் சேர்த்துக்கொள்ளலாம். பசை துலக்கியபின் பன்முறை கொப்பளித்தால் புளோரைடு நீரோடு போய்விடும். ஆதலின் துப்பிவிட்டு அவ்வளவில் விடுதலே முறை. ஒளூவில் மும்முறை வாய் கொப்பளிக்கும் நம்மவர்க்கு இது இடர்ப்பாடாகத் தோன்றலாம். இஷாத் தொழுகையை முடித்து, உணவும் உண்டபின், உறங்குமுன் பசையால் துலக்கினால் பஜ்ர் வரையில் அது பல்லைவிட்டு அகலாமல் தங்கும்.