வெற்றிப் பேச்சும் நிறைகோலும்

தோற்ற அணியின் ஆதரவாளர்கள் கூடிப் பேசுவதைக் கேட்டால் அதில் ஓர் ஆராய்ச்சி இருக்கும். எந்த நிமிடத்தில் எவருடைய கால் தவறியது, எவர் பந்தை எவருக்குத் தராமல் விட்டார், பயிற்சியாளர் எவரை இறக்காமல் உட்கார வைத்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்து அலசுவார்கள். வென்ற அணியின் ஆதரவாளர்களுக்கோ அந்தத் தேவை எழுவதில்லை. தோல்விக்குக் காரணம் தேடுகிறவர் பதினொருவரையும் கூண்டில் ஏற்றுகிறார். வெற்றிக்குக் காரணம் சொல்கிறவர் ஒருவரை மட்டும் தோளில் ஏற்றிக்கொள்கிறார். மற்றவர்கள் அந்தத் தோளுக்குக் கீழே மறைந்து போகிறார்கள். ஐயமற்ற வெற்றி கிட்டிய நாளில்தான் மனிதர்களின் மதிப்பீடு அதிகமாகத் தடம் புரளுகிறது என்பது என் எண்ணம்.

இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது 2022ஆம் ஆண்டு, கத்தர் நாட்டில். அவ்வாண்டின் கடைசி மாதங்களில் தோஹாவில் என் மகனுடைய வீட்டில் தங்கியிருந்தேன். உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் அங்கே நடந்துகொண்டிருந்தன. நவம்பர் 27ஆம் நாள், அல்துமாமா அரங்கில் மொராக்கோ அணியும் பெல்ஜியம் அணியும் மோதின. அரபு நாட்டார் தலையில் அணியும் பின்னல் தொப்பியான ‘கஹ்ஃபிய்யா’வின் வடிவில் எழுப்பப்பட்ட அரங்கம் அது. பெல்ஜியம் 2018ஆம் ஆண்டின் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற அணி. இப்போட்டி நடந்த வேளையில் உலகத் தரவரிசையில் இரண்டாவது. மொராக்கோ அதே வரிசையில் இருபத்திரண்டாவது. உலகக் கோப்பை ஆட்டமொன்றில் அந்நாடு வெற்றி கண்டு இருபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. 1998இல் ஸ்காட்லாந்தை 3-0 என வென்றும், அதே இரவில் பிரேசிலை நார்வே வீழ்த்திவிட்டதால், வெற்றியோடு வீடு திரும்ப நேர்ந்தவர்கள் அவர்கள்.

ஆட்டம் 2-0 என முடிந்தது. முதற்பாதியின் இறுதியில் ஹகீம் ஸியாஷ் அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் சென்றும், சக வீரர் ஒருவர் ஆஃப்சைடு நிலையில் நின்றதால் அது கோலாகக் கொள்ளப்படவில்லை. 73ஆம் நிமிடத்தில் அப்துல் ஹமீத் ஸாபிரி இடப்பக்கத்து ஓரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக், கோலுக்கு முன் இருந்த நெரிசலைக் கடந்து, புகழ்பெற்ற கோல் காவலர் கோர்த்வாவை ஏமாற்றி உட்புகுந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஸியாஷ் வலப்பக்கம் ஊடுருவி உள்ளே தள்ளிய பந்தை ஸக்கரிய்யா அபூகலால் வலையின் மேற்பகுதிக்கு அனுப்பினார். வீரர்கள் புல்தரையில் ஸுஜூதில் விழுந்தார்கள். அஷ்ரஃப் ஹகீமி பார்வையாளர் வரிசைக்குச் சென்று தம் தாயைத் தழுவிக்கொண்ட படம் அன்றிரவே உலகெங்கும் பரவிற்று.

மறுநாள் மாலை மகன் என்னைச் சூக் வாகிஃப் கடைவீதிக்கு அழைத்துச் சென்றான். அங்கே ஒரு தேநீர்க் கடையில் எங்கள் பக்கத்து மேசையில் மொராக்கோ நாட்டார் மூவர் அமர்ந்திருந்தனர். காஸாபிளாங்காவிலிருந்து ஆட்டம் காண வந்த இளைஞர் ஒருவர். நெதர்லாந்தில் வேலை பார்க்கும் நடுவயதினர் ஒருவர். மற்றவர்கள் ‘யா ஹாஜ்’ என மரியாதையுடன் அழைத்த முதியவர் ஒருவர். நான் மதரஸாவில் கற்ற அரபு நூல்களின் அரபு. அவர்களுடையதோ மொராக்கோ மக்களின் பேச்சு வழக்கு. வேகத்திலும் ஒலியிலும் வேறொரு மொழிபோலவே இருந்தது. என் தடுமாற்றத்தைக் கண்ட முதியவர், “உஸ்தாத் அவர்களுக்காக ஏட்டு வழக்கில் பேசுங்கள்” என்று மற்ற இருவரையும் பணித்தார். அதன் பிறகு கிட்டிய இரண்டு மணி நேரம் எனக்கு ஒரு பாடம் போலவே அமைந்தது.

பாடம் சொற்களிலிருந்தே தொடங்கியது. பார்வையாளர் கூட்டத்தை அவர்கள் ‘ஜும்ஹூர்’ என்றார்கள். நம் ஃபிக்ஹு நூல்களில் அச்சொல் மிகப் பெரும்பான்மை அறிஞர்களைக் குறிப்பது. இங்கே அதே சொல் கொடி பிடித்துக் கூவும் கூட்டத்திற்கு வந்திருக்கிறது! இலக்கணத்தில் நாம் படித்த ‘பதல்’ என்பதன் உறவான ‘பதீல்’, ஆட்டக்காரர் ஒருவருக்கு மாற்றாக இறங்குகிறவர். நடுவர் ‘ஹகம்’. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ‘தஆதுல்’. அதன் வேர், நீதியைக் குறிக்கும் ‘அத்ல்’ என்பதன் வேரேதான்.

இளைஞரோ ஸியாஷைத் தவிர வேறொருவரைப் பேச விரும்பவில்லை. முந்தைய பயிற்சியாளரோடு மனத்தாங்கல் கொண்டு, அவ்வாண்டின் தொடக்கத்தில் நாட்டு அணியில் இனி ஆடுவதில்லை என அறிவித்திருந்தவர் அவர். ஆகஸ்டு மாத இறுதியில் பொறுப்பேற்ற புதிய பயிற்சியாளர் வலீத் ரக்ராகி அவரைத் திரும்ப அழைத்தார். அவர் வந்ததால் அணி வென்றது என்பது இளைஞரின் தீர்ப்பு. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவர் ‘பிஸ்ஸாஃப்’ என்றார். ‘மிக அதிகம்’ என்று பொருள்படும் மொராக்கோ வழக்கு அது. ‘ஜுஸாஃப்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு இச்சொல் புதிதன்று. அளக்காமலும் நிறுக்காமலும் குவியலாகப் பொருளைக் குத்துமதிப்பில் விற்பதற்கு நம் நூல்கள் இட்ட பெயர் அதுவே. வென்றவர்களின் புகழ்ச்சியும் பெரும்பாலும் இந்த ‘ஜுஸாஃப்’ வணிகம்தான் என்று எனக்குள் எண்ணிக்கொண்டேன்.

நெதர்லாந்திலிருந்து வந்தவர் இளைஞரை மறுத்தார். “ஸியாஷ் நன்றாக ஆடினார், சரி. ஆனால் முதல் கோலை அடித்தவரும் பதீல். இரண்டாவதை அடித்தவரும் பதீல். ஓர் ஆட்டத்தில் மாற்றாக இறங்கிய இருவரே இரண்டு கோலையும் அடித்தார்களென்றால், வெளியே நின்று அவர்களைத் தேர்ந்தெடுத்தவரின் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பெண் தருவாய்?” என்றார். நடுக்களத்தில் ஸுஃப்யான் அம்ராபத் எதிரணியின் வழிகளை அடைத்து நின்றதை அவர் விவரித்தார். மேசை மேலிருந்த சர்க்கரைக் கட்டிகளை ஆட்டக்காரர்களாக வைத்து, ஒரு கட்டியை அங்குமிங்கும் நகர்த்திக் காட்டினார்.

முதியவர் அதுவரை புதினாத் தேநீரை அருந்திக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “முனீரைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?”

இருவரும் அமைதியானார்கள். மொராக்கோவின் முதன்மைக் கோல் காவலர் யாஸீன் பூனூ. நாட்டுப்பண் இசைக்கப்படும்போது அவர் வரிசையில் நின்றார். அதன் பின்னர் உடல்நிலை சரியில்லாமல் விலகிக்கொள்ள, சில நிமிட அவகாசத்தில் முனீர் முஹம்மதி இடம் ஏற்க நேர்ந்தது. எதிரே உலகின் இரண்டாம் அணி. தொடக்கத்திலேயே பாட்சுவாயி அடித்த பந்தை அவர் தடுத்தார். இறுதி வரை ஒரு கோலும் விடவில்லை. “கோல் அடித்தவர் செய்ததைக் கண் காண்கிறது. கோல் விழாமல் காத்தவர் செய்ததை எண்ணிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். நடக்காமற்போன ஒன்றுக்கு யார் கைதட்டுவார்கள்?” என்றார் முதியவர்.

இளைஞர் பேச்சைத் திருப்பும் எண்ணத்தில், பெல்ஜியம் கிழட்டு அணி என்று எள்ளி நகைத்தார். அவ்வணியின் பெயர்பெற்ற வீரர் டி புருய்ன், தங்கள் அணிக்கு வயதாகிவிட்டதென்று ஆட்டத்திற்கு முன் வெளிவந்த பேட்டியில் தாமே சொல்லியிருந்தார். ஆகவே அந்தக் கேலிக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால் முதியவரின் முகம் மாறியது. “எதிரியைச் சிறுமைப்படுத்தினால் உன் வெற்றியும் அதே அளவுக்குச் சிறுத்துப் போகும்” என்றவர், பிறகு தம் குடும்பக் கதையைச் சொன்னார்.

1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெல்ஜியமும் மொராக்கோவும் ஆள்சேர்ப்பு உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் மொராக்கோ ஊர்களிலிருந்து ஆட்கள் சென்றார்கள். அவருடைய தமையனும் அப்படிச் சென்றவர். அவர் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு எழும்பிற்று. தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று பெல்ஜியக் குடிமக்கள். “2018இல் ஜப்பானிடம் இரண்டு கோல் பின்தங்கியிருந்த பெல்ஜியத்தைக் கரையேற்றிய மூன்று கோல்களில் இரண்டை அடித்தவர்கள் ஃபெலைனியும் ஷாத்லியும். இருவரும் நம் வழியினர்தாமே? நேற்று நம் அணியில் இருந்த நால்வர் பெல்ஜியத்தில் பிறந்தவர்கள் அல்லவா? எந்தப் பக்கத்தை நான் எள்ளி நகைப்பேன்? நேற்றிரவு பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் சிலர் வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். வெற்றியைக் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். அத்தெருக்களில் என் அண்ணனின் பேரர்கள் நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும்.”

இந்தச் சொற்களை என் மகனுக்குத் தமிழில் கூறினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. நம் ஊர்களில் எத்தனை வீடுகளின் கூரை, பிள்ளைகள் அயல்மண்ணில் சிந்திய வியர்வையால் ஏறியது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உழைப்பை ஏற்றுக்கொண்ட நாடும் உறவைக் காக்கும் நாடும் ஒரே புல்தரையில் எதிரெதிரே நிற்கும்போது, பிறரைப் பற்றிப் பேசும் நாவுக்கு எவ்வளவு பொறுப்பு வந்துவிடுகிறது!

அறிவிப்பாளர்களை எடைபோடும் கலைக்கு நம் முன்னோர் ‘அல்ஜர்ஹு வத்தஅதீல்’ எனப் பெயரிட்டனர். ஒருவருடைய குறையை எடுத்துக்கூறுவது ஜர்ஹ். அவர் நம்பத்தக்கவர் எனச் சான்று தருவது தஅதீல். இரண்டாவது சொல்லிலும் ‘அத்ல்’ என்னும் நீதியே வேராக நிற்பதைக் கவனியுங்கள். குறை சொல்வதற்கு மட்டுமன்று, புகழ்வதற்கும் நீதி தேவை என்பதை அச்சொல்லே காட்டிவிடுகிறது. குணத்தையும் குற்றத்தையும் சேர்த்து நிறுக்கும் வழியை நம் வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் காட்டியிருக்கிறார். கால்பந்தாட்டத்தைப் பற்றிய பேச்சுக்கு இவ்வளவு பெரிய நிறைகோலா என்று கேட்கலாம். சின்னஞ்சிறு பொருளை நிறுக்கும்போது கை நடுங்காதவரே பெரும்பொருளையும் சரியாக நிறுப்பார் என்பதே என் விடை.

அதன் பிறகு நடந்தவை உலகறிந்தவை. மொராக்கோ கனடாவை 2-1 என வென்றது. டிசம்பர் 6ஆம் நாள் ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டி அடிகளில் பூனூ இரண்டைத் தடுத்தார். மற்றொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பிற்று. போர்ச்சுகலையும் வீழ்த்தி, உலகக் கோப்பையின் அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க நாடாகவும் முதல் அரபு நாடாகவும் மொராக்கோ ஆனது. அங்கே பிரான்ஸ் அணி கோல் அடிக்கும் வரை அவர்கள் வலைக்குள் விழுந்த ஒரே கோல், கனடாவுக்கு எதிராகத் தம் வீரர் ஒருவரின் காலில் பட்டுச் சென்றது மட்டுமே. இறுதியில் நான்காம் இடம் கிட்டியது. பூனூவின் பெயரை இன்று சிறுவர்களும் அறிவர். அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர்.

முனீர் அத்தொடரில் ஆடியது அந்த ஓர் ஆட்டம் மட்டுமே. அடுத்த ஆட்டத்தில் பூனூ திரும்பி வந்தார். முனீர் மீண்டும் ஓரத்து இருக்கைக்குச் சென்றார். அன்று பெல்ஜியத்திடம் ஓரிரு கோல்கள் வாங்கியிருந்தால், தோல்விக்குக் காரணம் தேடுகிறவர்கள் அவர் பெயரை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள். கடமையைச் சரிவரச் செய்து முடித்ததாலேயே அவர் மறக்கப்பட்டார்.

நம் இல்லங்களிலும் இந்த வெற்றிப் பேச்சு நிகழ்கிறது. பிள்ளை தேர்வில் முதலிடம் பெற்றால் பள்ளியைப் புகழ்கிறோம். விடியற்காலையில் எழுந்து அவனுக்கு விளக்கேற்றி வைத்தவரைக் கேட்பதில்லை. திருமணம் சிறப்பாக நடந்தால் பந்தலைப் புகழ்கிறோம்; பந்தியில் ஒருவரும் பசியோடு எழாமல் பார்த்துக்கொண்டவரின் பெயர் விருந்தினர் நாவில் வருவதில்லை. அடுத்த முறை ஏதேனும் ஒரு வெற்றியைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்போது, அம்முதியவரின் கேள்வியை ஒருவராவது கேட்டுப் பாருங்கள்: நாம் இன்னும் பெயர் சொல்லாதவர் யார்?