குட்டிக் காரும் பெரிய காரும் மோதினால் செலவு யார் கணக்கில்?

1955 செப்டம்பர் 30. மாலை ஆறு மணி ஆகப் போகிறது. கலிஃபோர்னியாவில் ஷோலாம் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இரண்டு சாலைகள் கூடும் இடம். வெள்ளி நிறத்தில், தரையோடு தரையாக ஒரு போர்ஷே 550 ஸ்பைடர் வருகிறது. ஓட்டுபவர் நடிகர் ஜேம்ஸ் டீன், வயது 24. எதிரே வந்த ஃபோர்டு கார் அவர் பாதைக்குக் குறுக்கே திரும்புகிறது. அதை ஓட்டியது 23 வயதுக் கல்லூரி மாணவர். டீன் இறந்துபோனார். பக்கத்தில் இருந்த மெக்கானிக் தூக்கி எறியப்பட்டு, பலத்த காயத்தோடு பிழைத்தார். ஃபோர்டை ஓட்டிய மாணவருக்குச் சிறு காயம்தான். அந்தக் காரைத் தான் பார்க்கவே இல்லை என்றார் அவர்.

இந்த விபத்து என்றாலே டீனின் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். (காருக்குச் சாபம் இருந்தது என்று ஒரு கதையும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. அது கிடக்கட்டும்!) எடையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. போர்ஷே சுமார் 550 கிலோ. ஃபோர்டு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

எடை என்ன செய்யும் என்பதை பி.காம். கணக்கிலேயே போட்டுவிடலாம். 900 கிலோ கார் ஒன்று, 1800 கிலோ கார் ஒன்று. இரண்டும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. மொத்தக் குவியலும் பெரிய கார் போன திசையிலேயே சுமார் 17 கி.மீ. வேகத்தில் நகரும். பெரிய காரில் இருப்பவருக்கு வேகம் 50-லிருந்து 17 ஆகிறது, மாற்றம் 33. குட்டிக் காரில் இருப்பவரோ 50-ல் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், 17-ல் பின்னால் தள்ளப்படுகிறார். மாற்றம் 67. எல்லாம் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குள். 900 x 67, 1800 x 33... இரண்டு பக்கமும் டேலி ஆகிறது பாருங்கள். எடை குறைந்தவர்தான் இரண்டு மடங்கு கட்டுகிறார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். சின்னக் கார், சொன்ன பக்கம் திரும்பும், மோதலே வராமல் தப்பித்துவிடலாம் என்று. பாதி உண்மை. எதிரே வருபவர் குறுக்கே திரும்புவதற்கும் மோதுவதற்கும் நடுவில் நேரம் இருந்தால்தானே தப்பிக்க? டீன் ரேஸ் ஓட்டியவர். கார் ரேஸ் கார்.

அந்தக் காலத்துக் கார் எல்லாம் வெறும் தகரம் என்று சொல்வதும் சரியில்லை. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 மைல் வேகத்தில் சுவரில் மோதினால் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி அப்போதே வடிவமைத்தார்கள். ஆனால் சுவர் வேறு, எஸ்.யூ.வி. வேறு. எஸ்.யூ.வி.யின் பம்பர் எம்.ஜி.பி.யின் பம்பருக்கு மேலே வந்து நிற்கும். நசுங்க வேண்டிய பாகத்தைத் தாண்டி, ஆள் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. 1974-ல் அமெரிக்க விதிகளுக்காக எம்.ஜி.பி.க்குக் கனமான கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரை ஒரு அங்குலம் உயர்த்தினார்கள். காரின் நல்ல ஓட்டமே கெட்டுப்போனது. அங்கே பம்பர் உயர விதி கார்களுக்கு மட்டும்தான், பிக்அப்புக்கும் எஸ்.யூ.வி.க்கும் இல்லை! பெரிய வண்டிகளின் முன்சட்டத்தைக் கார்களின் உயரத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று கம்பெனிகள் தாங்களாகவே ஒப்புக்கொண்டது 2003-ல். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கெடு 2009.

அதே 2009-ல் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு இரண்டு சோதனைகள் செய்தது. முதலாவதில் 1959 செவர்லே பெல் ஏரும் 2009 செவர்லே மாலிபுவும் மோதின. எடை கிட்டத்தட்ட சமம். பெல் ஏரில் மனிதர் இருந்திருந்தால் செத்திருப்பார், மாலிபுவில் காலில் அடிபட்டதோடு போயிருக்கும். ஐம்பது வருஷத்து முன்னேற்றம் அவ்வளவு. இரண்டாவதில் புத்தம் புது ஸ்மார்ட் ஃபோர்டூவும் மெர்சிடிஸ் சி-கிளாஸும். தடுப்பில் மோதும் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஸ்மார்ட், மெர்சிடிஸோடு மோதியதும் காற்றில் எழும்பிச் சுற்றி விழுந்தது. மதிப்பெண் 'மோசம்'. அப்படியென்றால் பழசும் சின்னதுமான எம்.ஜி.பி.க்கு இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பேசாமல் பெரிய வண்டி வாங்கிவிடலாம் என்று தோன்றும். தனி ஆளுக்கு அது புத்திசாலித்தனம். ஊருக்கு? பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஆண்டர்சன், ஆஃப்ஹாமர் என்ற இரண்டு பொருளாதார ஆசிரியர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மோதுகிற வண்டியின் எடை 1000 பவுண்டு (சுமார் 450 கிலோ) கூடினால், மோதப்பட்ட காரில் சாவு நேரும் வாய்ப்பு 47 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். எகனாமிக்ஸ் வகுப்பில் வரும் புறவிளைவு இதுதான். வாங்குபவர் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு பில்லில் வருவதில்லை, எதிரே வருபவர் தலையில் விழுகிறது. குட்டிக் கார்க்காரரைப் பைத்தியம் என்று சிரிப்பவர்கள் இதையும் யோசிக்கலாம். அவர் பெரும்பாலும் தன் உயிரை வைத்துத்தான் ஆடுகிறார்.

அதற்காகப் பழைய கார் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. விவரமானவர்கள் மூன்று முனை பெல்ட் போட்டுக்கொள்கிறார்கள், தலைதாங்கி வைத்த ஸீட்டுக்கு மாறுகிறார்கள். கவிழ்ந்தால் காப்பாற்றும் ரோல் பாரும் சிலர் மாட்டுகிறார்கள் (தலைக்கு மிக நெருக்கமாக இருந்தால் அந்தக் கம்பியே மண்டையை உடைக்கும்). லாரி ஓடும் நெடுஞ்சாலையை விட்டு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கிராமத்துச் சாலையில் ஓட்டுகிறார்கள். செலவே இல்லாத வேலை ஒன்றும் உண்டு. பட்டப்பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு போவது, எதிரே திரும்பப் போகிறவர் கண்ணில் படுவதற்காக.