சந்தேகத்திற்கும் மௌனத்திற்கும் நடுவே

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் என்னிடம் ஓதிய பழைய மாணவர். இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றுபவர். ஸலாம் கூறி நலம் விசாரித்தபின் சற்றுத் தயங்கினார்.

"ஹஜ்ரத், உறக்கமின்மைக்காக வந்த இளைஞர் ஒருவர், போர்ச் செய்திகளைப் பற்றி மிகுந்த ஆத்திரத்துடன் பேசினார். அவரைப் பற்றி மேலிடத்திற்குத் தெரிவிக்க வேண்டாமா என்று உடன் பணிபுரிபவர் கேட்கிறார். தெரிவித்தால் அந்த இளைஞர் இனி எந்த மருத்துவரையும் நம்பமாட்டார். தெரிவிக்காவிட்டால், என் பெயரை வைத்து என்னையே சந்தேகிப்பார்களோ என்று அஞ்சுகிறேன்."

"நமக்கேன் வம்பு? வாய் திறவாமல் உன் வேலையைப் பார்" என்றேன். அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை.

அவருடைய அச்சம் காரணமற்றதன்று. 2007 ஜூன் 30 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ விமான நிலையக் கட்டடத்தின் மீது எரிவாயு உருளைகள் நிறைந்த வாகனத்தை மோதிய இருவருள் ஒருவர் மருத்துவர். உயிர் காக்கக் கற்றவரே உயிர் பறிக்கத் துணிந்தார் என்பது நாம் வெட்கித் தலைகுனிய வேண்டிய செய்தி. தீக்காயமுற்ற மற்றவருக்கு, அந்த மருத்துவர் பணியாற்றிய மருத்துவமனையிலேயே சிகிச்சை அளித்தார்கள். மருத்துவ அறம் என்பது அதுவே.

இரண்டு நாள் கழித்து, பிறந்த குழந்தையைக் காணத் தாயகம் புறப்பட்ட பெங்களூரு மருத்துவர் முகமது ஹனீஃப், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். முன்பு இங்கிலாந்தை விட்டுப் புறப்படுகையில் தம் சிம் கார்டை உறவினரிடம் கொடுத்துச் சென்றதே அவர் மீதான சந்தேகத்திற்கு முதற்காரணம். 12 நாட்கள் குற்றச்சாட்டின்றிக் காவலில் வைத்த பின்னரே வழக்குப் பதிந்தார்கள். அவ்வழக்கும் அந்த மாதமே கைவிடப்பட்டது; 2010இல் இழப்பீடும் வழங்கப்பட்டது. ஆயினும் ஆட்சியதிகாரம் அவசரப்பட்டால் நிரபராதியின் வாழ்வு என்னவாகும் என்பதற்கு அவர் சாட்சியாகிவிட்டார்.

பின்னர் பிரிட்டன் 2015இல் ஒரு சட்டம் இயற்றியது. மக்கள் பயங்கரவாதத்தின்பால் ஈர்க்கப்படுவதைத் தடுப்பதில் மருத்துவமனை நிர்வாகங்களும் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்பது அதன் விதி. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் நோயாளியின் சொல்லைச் சந்தேகத்துடன் கேட்கத் தொடங்கினால் மருத்துவ அறையில் நம்பிக்கை எவ்வாறு நிலைக்கும்? மனநல மருத்துவர்கள் பலரும் இக்கேள்வியை எழுப்பினார்கள்.

மறுவாரம் மாணவர் மீண்டும் அழைத்தார். "ஹஜ்ரத், உங்கள் சொல்லை நான் கேட்கவில்லை, மன்னியுங்கள். அமானத்தைப் பேணுவது பற்றி ஓதிக்கொடுத்தவரும் தாங்கள்தாமே" என்றார்.

அந்த இளைஞரை அவர் மீண்டும் அழைத்து, பொறுமையாகப் பேசியிருக்கிறார். உறவினரைப் போரில் இழந்த துயரமே ஆத்திரமாக வெளிப்பட்டது. எவருக்கும் தீங்கிழைக்கும் எண்ணம் அவரிடம் இல்லை. பிறகு மாணவர் தம் மூத்த மருத்துவரிடம் சென்று, "இவருக்குத் தேவை துக்கத்திற்கான மருத்துவம். ஓர் உயிருக்கேனும் ஆபத்து தெரிந்திருந்தால், இரகசியம் காக்காமல் நானே முதலில் வந்து சொல்லியிருப்பேன்" என்று தெளிவாகக் கூறியிருக்கிறார். மூத்தவர் அதனை ஏற்றதோடு, புதிய பயிற்சி மருத்துவர்களுக்கு இதைப் பற்றி ஒரு வகுப்பெடுக்கவும் பணித்தாராம்.

தலைமைப் பண்பும் மருத்துவக் கல்வியின் ஓர் அங்கம் என்று இன்று அந்நாட்டில் பயிற்றுவிக்கிறார்கள். பதவியில் அமர்வது மட்டுமே தலைமை என்று எண்ணியிருந்தேன். அதிகாரத்தின் முன் நோயாளிக்காகப் பேசுவதும், நம்மவரே ஆனாலும் வன்முறை நாடுவோரைத் தடுக்கத் தயங்காதிருப்பதும் தலைமையே என்பதை என் மாணவரிடம் கற்றேன்.

அன்பான பெற்றோர்களே! பிள்ளைகளை மருத்துவராக்க எவ்வளவோ செலவிடுகிறோம். ஸூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனத்தை மனனமும் செய்விக்கிறோம். அதன் பொருளை அஞ்சாமல் வாழ்ந்துகாட்டும் துணிவையும் ஊட்டுவோம். "நமக்கேன் வம்பு" என்று நான் சொன்னதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.