எடைக்குப் போகும் சைக்கிள்கள்

பழைய சைக்கிளுக்கு என்ன விலை கிடைக்கும்? எங்கள் பீடோரில் இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. பழைய இரும்பு வாங்க வருபவர் தராசைப் பார்த்துச் சொல்வார். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துச் சொல்வார். பழம்பொருள் சேகரிப்பவர் முன்னால் இருக்கும் பெயர்த் தகட்டைப் பார்த்துச் சொல்வார். மூவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று எட்டாத விலைகள்.

இதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த ஆண்டு, அப்பா எனக்கு 450 வெள்ளியில் ஒரு சைக்கிள் வாங்கித் தந்தார். 21 கியர், முன்னால் ஸ்பிரிங். ஐந்தாறு ஆண்டுகளில் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிப்போனது. விற்கப் போனபோது கடைக்காரர் 40 வெள்ளி என்றார். "இந்த ஸ்பிரிங்கைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவில் வேறு சைக்கிளே வாங்கிவிடலாம்" என்று மலாயில் விளக்கினார்.

வீட்டின் பின்புறம் தாத்தாவின் கறுப்பு ராலே நின்றது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் செய்யப்பட்டது. பால்வெட்டுத் தொழிலாளியான தாத்தா, அதைத் தோட்டத்துக் கிராணியிடம் மாதத் தவணையில் வாங்கினாராம். அவர் கைக்கு வந்தபோதே அது பழைய சைக்கிள்தான்! அதில்தான் அவர் வெட்டுக்குப் போனார். அப்பாவையும் அத்தையையும் பள்ளிக்கு ஏற்றிச் சென்றார். ஈப்போவிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் அதற்கு 900 வெள்ளி தருவதாகச் சொன்னார். பின்சக்கரத்தின் ஹப்பைத் துணியால் துடைத்து, அதில் பொறித்திருந்த 56 என்ற எண்ணைக் காட்டினார். ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் தன் மூன்று கியர் ஹப்பில் தயாரித்த ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் கொண்டிருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த சைக்கிளின் வயது தெரியாது.

பழையது என்பதற்காக மட்டும் விலை கிடைப்பதில்லை. புதுச்சாயம் பூசியிருந்தால், தகடு போயிருந்தால், கம்பி பிரேக்கைக் கழற்றி வேறு பூட்டியிருந்தால் விலை இறங்கிவிடும் என்றார் அவர்.

ஆனால், சேகரிப்பாளர் தேடும் அளவுக்கு ஒரு சைக்கிள் நீடிக்க வேண்டுமானால், உள்ளூரில் பழுதுபார்க்க முடிய வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். இதற்கு எங்கள் வட்டாரத்திலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படையினர் பலர் சைக்கிளில்தான் தெற்கே வந்தனர். கம்பார் சண்டைக்குப் பின், 1942 ஜனவரியில், சிலிம் ரிவருக்கு அவர்கள் சென்ற சாலை பீடோர் வழியாகச் செல்கிறது. போருக்கு முன்பே ஜப்பானிய சைக்கிள்கள் இங்கு விற்பனையானதால், பாகங்களுக்கு அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. தாத்தாவின் ராலேயும் அப்படித்தான் நீடித்தது. பெடல் தேய்ந்தால் பெடல், செயின் அறுந்தால் செயின் என்று எதையும் பட்டணத்துக் கடையில் மாற்ற முடிந்தது.

ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தபோது, நம்மவர்கள் பலர் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். சிறிய வீட்டில் சைக்கிளுக்கு ஏது இடம்? தாத்தாவின் லயத்தில் இருந்த சைக்கிள்களில் பல அப்போது எடைக்குப் போயின என்று பாட்டி சொல்வார். அவற்றில் எத்தனை ராலே, எத்தனை ஹெர்குலிஸ் என்று இன்று யாரால் சொல்ல முடியும்?

தாத்தாவின் சைக்கிளை விற்கலாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. அப்பாவுக்கு மனமில்லை. பாட்டிதான் முடிவு செய்தார். "அவரு இருந்திருந்தா பேரன் படிப்புக்குன்னு எப்பவோ வித்திருப்பாரு. குடுத்துடு" என்றார். அந்தப் பணம் என் மடிக்கணினிக்குப் போனது. கொடுப்பதற்கு முன் படம் எடுத்தோம். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், வாங்கிய விதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கியவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஒன்று சாய்ந்து கிடக்கலாம். விற்பதில் தவறில்லை. ஆனால், லாரிக்காரர் தராசைத் தூக்குமுன், அந்த ஹப்பை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அதை ஓட்டியவரைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.