தாப்பா மலைச்சாலையில் ஒரு முனகல்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை, 59ஆம் எண் கூட்டரசுச் சாலை. தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. சிம்பாங் பூலாய் வழி திறந்த பிறகு அவசரக்காரர்கள் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பழைய காரின் கோளாறைக் காதால் கண்டுபிடிக்க இந்தச் சாலையே பொருத்தம்.

நண்பரிடம் இருப்பது அவர் அப்பா ஓட்டிய மோரிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் அறிமுகமான குடும்பத்தின் வாரிசு. சில வாரங்களாகப் பின்பக்கம் ஒரு முனகல். பள்ளி விடுமுறையில் அம்மாவை அந்தக் காரிலேயே மலைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. போகலாமா, கூடாதா?

தாப்பாவில் பட்டறை வைத்திருக்கும் மூத்த போர்மேன் ஒருவர், "லாத்தா இஸ்கண்டார் அருவி வரைக்கும் மெதுவா போய்ட்டு வருவோம் தம்பி. அவசரப்பட்டுக் கழற்ற வேணாம்" என்றார். ஒலியோடு பிழைப்பு நடத்துபவன் என்பதால் பின் இருக்கை எனக்கு.

சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர். மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் அதே சுருதி. அப்படியானால் எஞ்சினோ கியர் பெட்டியோ இல்லை. புதுத் தாரிலும் கரடுமுரடான தாரிலும் மாற்றமில்லை, டயரும் இல்லை. இடது, வலது வளைவுகளில் கூடவுமில்லை, குறையவுமில்லை. சக்கர பேரிங் தப்பித்தது.

ஏற்றத்தில் முனகல் லேசாகத்தான் கேட்டது. அருவியடியில் ஓராங் அஸ்லிக்காரர்களின் கடையில் பெத்தாய் வாங்கிக்கொண்டு திரும்பினோம். இறக்கத்தில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்ததும் அது ஊளையாக மாறியது.

"பினியன் பேரிங்" என்றார் போர்மேன்.

எஞ்சின் காரை இழுக்கும்போது பற்கள் ஒரு பக்கமாக அழுந்துகின்றன. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது மறுபக்கம் அழுந்துகிறது. பேரிங் தளர்ந்திருந்தால் பினியன் நகர்ந்து பற்கள் சரியாகப் பொருந்தாமல் கத்தும்.

பட்டறையில் எண்ணெயை வடித்தார். வெள்ளித் துகள் மினுக்கியது. உடைந்த பல் இல்லை. அரை அச்சுகளை உருவி, நீள் தண்டைக் கழற்றி, டிஃபரன்ஷியலை முன்பக்கமாக வெளியே எடுத்தார். பற்களில் நீல மை பூசிச் சுற்றிப் பார்த்தார். கிரவுன் சக்கரமும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை; ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. நல்ல ஜோடி இன்று எளிதில் கிடைக்காது. நல்ல வேளையாகப் பற்கள் பிழைத்திருந்தன. புது பேரிங், புது எண்ணெய்த் தடுப்பு, அளந்து வைத்த இறுக்கம், இபி 90 எண்ணெய். அவ்வளவுதான்.

விட்டிருந்தால் பற்களும் போயிருக்கும். பேரிங் முற்றிலும் இறுகினால் ஓடும்போதே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக்கூடும். அம்மா உட்கார்ந்திருக்கும் காரில், மலை இறக்கத்தில் அப்படி நடந்தால்?

வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போய் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏறும்போதா, இறங்கும்போதா, வளைவிலா, எந்த வேகத்தில் என்று குறித்துக்கொண்டு போங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.