சொல்லிப் புறப்படுதல்

பௌதிகவியலை முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேராதனையில் வாழ்கின்றார். ஆர்முடுகல் என்பது யாது என உயர்தர வகுப்பு மாணவர்க்கு விளக்குவதற்கு அவர் கையாண்ட முறை எளிமையானது. சிறு தள்ளுவண்டி ஒன்றின் மீது விளிம்புவரை நீர் நிரம்பிய தம்ளரை வைப்பார். வண்டியை மெல்ல இழுத்து, படிப்படியாக விரைவு கூட்டி, வகுப்பறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டு செல்வார். ஒரு துளியும் சிந்தாது. பின்னர் அதே வண்டியை வெடுக்கென இழுப்பார். அரைவாசி நீர் நிலத்திற் கிடக்கும். "வேகம் நீரைச் சிந்துவதில்லை, வேகத்தின் மாற்றமே சிந்துகின்றது" என்று அவர் கூறி முடிப்பார். அவரிடம் படித்த பலர் ஏனைய பாடங்களை மறந்தபோதும் அத்தம்ளரை மறந்தாரல்லர்.

2015ஆம் ஆண்டளவில், மின்சாரக் கார்களுக்கான வரி குறைவாயிருந்த காலத்தில், யப்பானிற் பாவிக்கப்பட்ட நிசான் லீஃப் கார்கள் பெருந்தொகையாக இலங்கைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றை ஆசிரியர் வாங்கினார். பௌதிகவியலாளர் ஒருவர் அதனை விரும்பியதில் வியப்பில்லை. 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன் நாடே வரிசையில் நின்றபோது அவர் வரிசையில் நின்றாரல்லர். மின்தடை ஏற்படும் மணிகளை மட்டும் கணக்கிட்டுக் காருக்கு மின்னேற்றினார். ஆனால் அவருக்கு அக்கார் தந்த இன்பம் சிக்கனம் மட்டுமன்று. கெட்டம்பைச் சந்தியில் நிற்கும் வாகனங்கள் உறுமி அசையத் தொடங்குமுன் அவருடைய கார் ஓசையின்றி முன்னே சென்றுவிடும். வாழ்நாள் முழுவதும் நிதானமாக வாழ்ந்த மனிதருக்கு அந்தச் சில செக்கன்கள் சிறியதொரு வெற்றியாகத் தோன்றின போலும்.

தந்தையார் மறைந்த பின், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்த தாயாரை அவர் தம்முடன் அழைத்து வந்தார். தாயாருக்கு எண்பது வயது கடந்திருந்தது. என்புத் தேய்வினால் முதுகும் கழுத்தும் நொந்தன. மாதத்துக்கு ஒருமுறை கண்டியிலே கிளினிக். வெள்ளிக்கிழமைகளிற் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில். இரண்டுக்கும் மகனுடைய காரே சென்றது. அவர் பின் இருக்கையில், கதவின் மேலுள்ள பிடியைப் பற்றியவாறு, ஒன்றும் பேசாது அமர்ந்திருப்பார். முதுமையின் மௌனம் என்று மகன் எண்ணினார்.

2023இல் ஒரு வெள்ளிக்கிழமை, புறப்படும் வேளையில் தாயார் கூறினார்: "நான் பஸ்ஸிலை வாறன் தம்பி. நீ கோயிலடியிலை நில்."

பேராதனை - கண்டி வீதியிலோடும் பஸ் வண்டிகளின் குலுக்கலை அறிந்தோர்க்கு இக்கூற்று விந்தையாகவே தோன்றும். மகனுக்கும் அவ்வாறே தோன்றியது. காரணம் கேட்டார். தாயார் சற்றுத் தயங்கிப் பின் சொன்னார்: "பஸ் வெளிக்கிடேக்கை சொல்லிப்போட்டு வெளிக்கிடும். உன்ரை கார் சொல்லாமல் இழுக்குது."

ஆசிரியருக்கு முதலில் மனத்தாங்கலே உண்டாயிற்று. தாம் கவனமாக ஓட்டுபவர் என்பதில் அவருக்கு ஐயமிருந்ததில்லை. எல்லை மீறிய வேகத்துக்கு ஒருநாளேனும் தண்டம் கட்டியவரல்லர். எனினும் சொல்லியவர் பொய் சொல்லுபவரல்லர் என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்த கிழமை காரின் சுக்கானைப் பல்கலைக்கழகத்திற் பயிலும் மகளிடம் கொடுத்துவிட்டு, தாம் பின் இருக்கையில் தாயாரின் அருகே அமர்ந்தார். எட்டு ஆண்டுகளாக வைத்திருக்கும் காரின் பின் இருக்கையில் அவர் அமர்ந்தது அதுவே முதன்முறை.

மகள் தந்தையிடம் பழகியவள்; தந்தையைப் போலவே ஓட்டினாள். ஒவ்வொரு முறை கார் புறப்படும்போதும் அவருடைய தலை பின்னே சாய்ந்து மீண்டது. அதனிலும் அவரைத் தாக்கியது வேறொன்று. தாயார் யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. முன் இருக்கைகள் இரண்டுக்கும் இடையே, முன்னே நிற்கும் வாகனத்தின் பின்புறச் சிவப்பு விளக்குகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்விளக்குகள் அணைந்ததும் அவருடைய கை பிடியை இறுக்கியது. அடுத்த கணம் கார் பாய்ந்தது. கார் தமக்குச் சொல்லாததனால், முன்னே செல்லும் வண்டியிடம் கேட்டறியும் வழியொன்றை அம்முதியவர் தாமே கண்டுபிடித்திருந்தார்.

தாயாரின் கூற்று பௌதிகவியலுக்கு முற்றிலும் இசைந்தது. பெற்றோலினாலோ டீசலினாலோ இயங்கும் எந்திரம் ஓய்ந்த நிலையில் முறுக்கம் எதனையும் தரமாட்டாது. அது முதலிற் சுழலவேண்டும், சுழற்சி கூடவேண்டும், கிளச் மெல்லப் பொருந்தவேண்டும், அதன் பின்னரே சில்லுக்கு வலு சென்று சேரும். இவையனைத்தும் ஓசையோடு நிகழ்வன. பஸ் வண்டியின் உறுமல் உயர்வதைக் கேட்ட பயணி, தன்னையறியாமலே காலை ஊன்றிக் கம்பியைப் பற்றிக்கொள்கின்றான். மின்மோட்டரோ முற்றிலும் வேறானது. அது தனது உச்ச முறுக்கத்தைச் சுழற்சி தொடங்கும் கணத்திலேயே தரவல்லது. கிளச் இல்லை, கியர் மாற்றம் இல்லை, முன்னறிவிக்கும் ஓசையும் இல்லை. எந்திரத்தின் குறைபாடாகக் கருதப்பட்ட தாமதம், பயணிக்கு ஓர் அவகாசமாகவும் இருந்தது என்பது, அது நீங்கிய பின்னரே புலப்படுகின்றது.

அந்த அவகாசம் சாரதிக்குத் தேவையில்லை. எப்போது புறப்படுவது என்று தீர்மானிப்பவர் அவரே. பாதம் அழுத்துமுன் அவருடைய கழுத்தும் தோளும் ஆயத்தமாகிவிடுகின்றன. கைகள் சுக்கானைப் பற்றியிருக்கின்றன. பயணம் செய்வோரிற் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் ஏற்பட, சாரதிக்கு அவை அரிதாகவே ஏற்படுவதும் இதனாலேயே. ஒரே கார், ஒரே வீதி, ஒரே ஆர்முடுகல். ஆயினும் ஒருவருக்கு அது தாம் செய்யும் செயல், மற்றவருக்குத் தம்மீது செய்யப்படும் செயல். ஆர்முடுகலை விளைவிப்பவர் ஒருவர், அதனைத் தாங்குபவர் இன்னொருவர் என்னும் இவ்வேறுபாட்டில் ஓர் அறவியல் வினாவும் அடங்கியுள்ளது.

ஆசிரியருடைய காரின் சுக்கானில் 'ஈகோ' எனும் பெயருடைய சிறு பொத்தான் ஒன்று உண்டு. அதனை அழுத்தினால், பாதத்தின் அதே அழுத்தத்துக்கு மோட்டர் முன்னிலும் குறைந்த முறுக்கத்தையே வழங்கும். வேகம் மெல்ல மெல்ல வளரும். அது மின்சாரத்தைச் சேமிப்பதற்கானது என்றே அவர் அறிந்திருந்தார். கண்டிக்குச் செல்லும் தூரம் சில கிலோமீற்றர்களே. அதற்குச் சேமிப்பு எதற்கு என்று அப்பொத்தானை அவர் தொட்டதில்லை. சேமிப்பைப் பற்றிய அவருடைய கணிப்பிலும் உண்மை இருந்தது. ஒரு காரைக் குறித்த வேகத்துக்குக் கொண்டுவரத் தேவையான இயக்கசக்தி, மெல்லச் சென்றாலும் விரைந்து சென்றாலும் ஒன்றே. ஆர்முடுகல் இருமடங்காயின் மின்னோட்டமும் ஏறத்தாழ இருமடங்காகும். கம்பிகளில் வெப்பமாக விரயமாகும் வலு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நான்கு மடங்காகும். நேரம் அரைவாசியாவதால் மொத்த விரயம் இருமடங்காகும். ஆயினும் அவ்விரயம் மொத்தச் செலவிற் சிறுபகுதியே. மென்மையான ஆர்முடுகலை ஆதரிப்போர் பற்றறியின் பெயரால் மட்டும் வாதாடுவாராயின் அவர்களுடைய வாதம் வலுவற்றது. அதற்குரிய மெய்யான நியாயம் பின் இருக்கையிலேயே அமர்ந்திருக்கின்றது.

மின்சாரக் காரின் வரலாறும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை முதன்முதலிற் கடந்த வீதி வாகனம் மின்சாரத்தால் இயங்கியதே. 1899இல் கமீல் ஜெனாற்சி என்னும் பெல்ஜியர் பிரான்சில் அதனை ஓட்டினார். ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளிலும் மின்சாரக் கார் பெயர்பெற்றது வேகத்தினாலன்று, அமைதியினாலேயே. 1907 முதல் விற்பனையான டெற்றொயிற் எலெக்ற்றிக் போன்ற கார்களில், வேகத்தைப் படிபடியாகக் கூட்டும் நெம்பொன்று இருந்தது. ஹென்றி போர்ட்டின் மனைவி கிளாரா, கணவருடைய தொழிற்சாலை பெற்றோல் கார்களை ஆயிரக்கணக்கில் உற்பத்திசெய்துகொண்டிருந்தபோதே, டெற்றொயிற் எலெக்ற்றிக் ஒன்றையே ஓட்டினார். மென்மை, மகளிர்க்குரிய பண்பாகக் கருதப்பட்டு விளம்பரம் செய்யப்பட்டது. அதனாலேயே ஆடவர் பலர் அதனை இளக்காரமாக நோக்கினர். 1912இல் பெற்றோல் கார்களுக்கு மின்தொடக்கி பொருத்தப்பட்டதும், கைப்பிடி சுழற்றும் தொல்லை நீங்கிற்று. மின்சாரக் கார் படிப்படியாகச் சந்தையினின்றும் மறைந்தது.

ஒரு நூற்றாண்டின் பின் அது திரும்பி வந்தபோது, அந்த இளக்காரத்துக்கு விடையிறுப்பது போலவே வந்தது. ரெஸ்லா நிறுவனம் 2014இல் தனது காரொன்றின் கடும் ஆர்முடுகல் நிலைக்குப் 'பித்து' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியது. 2015இல் அதனினும் கடிய நிலைக்கு 'நகைப்புக்கிடமானது' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியது. 'சில்' எனப்படும் ஆறுதலான நிலை 2017இலேயே சேர்க்கப்பட்டது. பெயர்கள் தோன்றிய இவ்வொழுங்கு சிந்திக்கத்தக்கது. பித்துக்கு முதலிற் பெயர் கிடைத்தது. ஆறுதல் பின்னரே நினைவுக்கு வந்தது.

இன்று சில கார்கள் ஓய்விலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை இரண்டு செக்கனளவில் எட்டுகின்றன. அதன் சராசரி ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலை விஞ்சியது. விழும் கல்லை விடக் கடிதாக ஒரு குடும்பம் கிடையாக வீசப்படுகின்றது எனலாம். லீஃப் போன்ற எளிய காருக்கு அவ்வேகத்தை எட்ட ஏறத்தாழ 11 செக்கன் வேண்டும். சராசரி ஆர்முடுகல் புவியீர்ப்பின் காற்பங்களவே. அந்தக் காற்பங்கே முதிய கழுத்தொன்றை வருத்தப் போதுமாயிருந்தது.

விரைந்த ஆர்முடுகல் பாதுகாப்புக்குத் தேவை என்று வாதிப்போர் உளர். ஒடுங்கிய வீதியில் பஸ் ஒன்றை முந்தவும், விரைவுச்சாலையில் இணையவும் வலு கையிருப்பில் இருக்கவேண்டும் என்பர். அது மறுக்கத்தக்கதன்று. ஆனால் வலு இருப்பது வேறு. அது தொட்டவுடன் பாய்வது வேறு. மென்மையான நிலை வலுவைப் பறிப்பதில்லை. வேண்டும்போது பொத்தானை மீண்டும் அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆகவே வினா, எந்நிலை இருத்தல்வேண்டும் என்பதன்று. கார் எந்நிலையில் விழித்தெழவேண்டும் என்பதே.

இவ்வினா சீனாவில் இப்போது சட்டத்தின் வாயிலுக்கே வந்துள்ளது. 2025இல் ஷாவோமி நிறுவனம் 1548 குதிரைவலு கொண்ட தனது காரின் வலுவை ஏறத்தாழ 900ஆகக் குறைத்து, பந்தயத் திடலில் திறமை காட்டியோர்க்கே முழு வலுவும் கிடைக்குமாறு செய்ய முயன்றது. முழு வலுவுக்கும் பணம் கொடுத்த உரிமையாளர் கொதித்தெழவே, அந்நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சீன அரசு வெளியிட்ட தரநிலை வரைவொன்று வேறு வழியைக் காட்டியது. வலுவைக் குறைக்க அது கூறவில்லை. பயணிகள் கார் ஒவ்வொரு முறை இயக்கப்படும்போதும் 100 கிலோமீற்றர் வேகத்தை எட்ட 5 செக்கனுக்குக் குறையாது எடுக்கும் நிலையிலேயே தொடங்கவேண்டும் என்றது. அதற்குமேல் வேண்டுவோர் தாமே தெரிந்து மாற்றிக்கொள்ளலாம். முந்தையது உரிமையாளரின் உடைமையில் கைவைத்தது. பிந்தையது அவரை ஒரு கணம் சிந்திக்குமாறு மட்டுமே கேட்கின்றது. பின்னையதே பண்பாட்டுக்கு நெருங்கியது.

அவ்வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது ஆசிரியரே ஓட்டினார். பொத்தானை அழுத்திவிட்டே புறப்பட்டார். உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. அந்நிலையில், பாதத்தை எடுத்ததும் கார் முன்னிலும் சற்றுக் கடிதாகத் தளர்ந்தது. ஆகவே அழுத்துவதை மட்டுமன்றி எடுப்பதையும் அவர் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தவர்களையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று நான்கு கிழமைகள் சென்றன. ஒருநாட் காலை கெட்டம்பையைக் கடக்கும்போது பின் இருக்கையிலிருந்து தாயாரின் குரல் எழுந்தது: "ஆத்திலை தண்ணி நல்லா வத்திப்போச்சு, என்ன?"

மகன் கண்ணாடியிற் பார்த்தார். தாயாரின் இரு கைகளும் மடியிற் கிடந்தன. முகம் மகாவலியின் பக்கம் திரும்பியிருந்தது. மூன்று ஆண்டுகள் அந்த ஆற்றின் கரையோரமாகவே அவர் சென்றுவந்தவர்.

தாயார் 2024இற் காலமானார். பொத்தான் அந்நிலையிலேயே இருக்கின்றது. அண்மையில் ஒருநாள் மகள் கேட்டாள்: "அப்பா, இப்ப பின்னுக்கு ஒருத்தரும் இல்லைத்தானே?"

"இருக்கட்டும் பிள்ளை. ஆராவது ஏறுவினம்" என்றார் அவர்.

மாலை வேளைகளில், மழை பெய்யும் நாட்களில், வளாகத்திலிருந்து நடந்து வரும் மாணவர் இருவர் மூவர் அவருடைய காரில் ஏறிக்கொள்வதுண்டு.